களமும் கரையும்



விளையாட்டு வீரனுக்கு வாழ்க்கை இரண்டு. ஒன்று, ஆடுகின்ற வாழ்க்கை. மற்றொன்று, ஆடி முடித்த பிறகு வாழ்கின்ற வாழ்க்கை. முதல் வாழ்க்கை பெரும்பாலும் முப்பது முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடுகின்றது. பிற தொழில்களில் ஒரு மனிதன் தன் கைத்திறனை உலகம் அறியத் தொடங்கும் பருவத்தில், விளையாட்டு வீரன் ஓய்வு பெற்றுவிடுகின்றான். அதன் பின் அவனுக்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகள் மிகப் பல. அந்த ஆண்டுகளை அவன் என்ன செய்கின்றான்? பத்திரிகைகள் முதல் வாழ்க்கையைப் பற்றி நிரம்ப எழுதுகின்றன. இரண்டாவதைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆனால் நாட்டில் ஒரு விளையாட்டு வளர்வதும் தேய்வதும் பெரிதும் இந்த இரண்டாவது வாழ்க்கையைப் பொறுத்தே இருக்கின்றன என்பது என் கருத்து. அதனால் இன்று ஹாக்கி ஆட்டத்தில் களத்தில் நின்று புகழ் பெற்றுப் பின்னர்க் கரையில் நின்று பயிற்சி அளித்த ஒரு தமிழரை முன்னிறுத்திச் சில கருத்துக்களைச் சொல்ல விரும்புகின்றேன். அவர் பெயர் வாசுதேவன் பாஸ்கரன். 1980-ஆம் ஆண்டில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்த அணியின் தலைவர்.

நான் சவ்வாது மலையில் காவலூரில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கற்பிப்பவன். எங்கள் ஊரை நீங்கள் வானாராய்ச்சி நிலையத்தின் வாயிலாக அறிந்திருப்பீர்கள். ஹாக்கி ஊர் என்று எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு பெயர் அதற்கு இல்லை. எனினும், சரிவில் சமன் செய்த ஒரு துண்டு நிலத்தில் இருபது பிள்ளைகள் மாலைதோறும் வளைகோல் பிடித்து ஆடுகின்றார்கள். அவர்களுக்குச் சொல்வதற்காக நான் தேடிப் படித்தவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கின்றேன்.

முதலில் ஆட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, 1932, 1936, 1948, 1952, 1956 ஆகிய ஆறு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்ற நாடு நமது நாடு. 1960-இல் ரோம் நகரில் பாகிஸ்தானிடம் தோற்று வெள்ளி பெற்றோம். 1964-இல் டோக்கியோவில் மீண்டும் தங்கம். 1968-இலும் 1972-இலும் வெண்கலம். இந்த வரிசையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த விக்டர் ஜான் பீட்டர் 1960, 1964, 1968 என மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடியவர். அவருடைய தம்பி விக்டர் ஜான் பிலிப்ஸ், 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இடம் பெற்றவர். ஆகவே, நம் மண்ணுக்கு இந்த ஆட்டம் புதிதன்று.

1976-இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகப் புல்தரையை விட்டுச் செயற்கைத் தரைக்கு ஏறியது. அந்த ஆண்டில் இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. ஒலிம்பிக் ஹாக்கியில் நாம் பதக்கம் இன்றித் திரும்பியது அதுவே முதல் தடவை. அந்த அணியில் ஆடியவர்களுள் ஒருவர் பாஸ்கரன். சென்னை லயோலாக் கல்லூரியில் பயின்ற அந்த இளைஞர், தாம் பழகியிருந்த தரை தம் காலடியிலிருந்து மாறிப்போனதை நேரில் கண்டவர்.

தரை மாறினால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். புல்தரையிலும் மண்தரையிலும் பந்து நேராக ஓடாது. மேடு பள்ளத்தில் துள்ளும். அதை அடக்குவதற்கு மணிக்கட்டின் நயம் வேண்டும். நம்மவர் பந்தைக் கோலோடு ஒட்டிவைத்து எதிரிகளை வளைத்து வளைத்துச் செல்வதில் வல்லவர்கள் ஆனதற்கு அந்தத் தரையே ஒரு காரணம். செயற்கைத் தரையிலோ பந்து கோடு கிழித்தாற்போல் ஓடும். மிக விரைவாகவும் ஓடும். 156 முதல் 163 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து அது. அங்கே ஒருவர் தனியாகப் பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதைவிட, ஒரு நொடியில் நிறுத்தி மறுநொடியில் தோழனுக்குத் தள்ளிவிடுதல் பயன் தரும். ஓடும் வேகமும் மூச்சுப் பலமும் முன்னைவிட அதிகமாகத் தேவைப்பட்டன. ஐரோப்பிய நாடுகளும் ஆஸ்திரேலியாவும் இத்தகைய தரைகளை ஊர்தோறும் அமைத்துக்கொண்டன. நம் நாட்டில் ஒரு தரை அமைப்பதற்கு ஆகும் செலவைக் கண்டு மலைத்து நின்றோம். நம் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு; அவற்றுள் இதுவும் முக்கியமான ஒன்று.

இந்தப் பின்னணியில்தான் 1980-ஐப் பார்க்க வேண்டும். மாஸ்கோவிலும் செயற்கைத் தரையே. அந்த ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்தன. சோவியத் படைகள் 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானத்தில் புகுந்ததற்கு எதிர்ப்பாக அந்த நாடுகள் செல்லவில்லை. ஹாக்கியில் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஹாலந்து, ஆஸ்திரேலியா முதலிய வலிய அணிகள் களத்தில் இல்லை. ஆறு நாடுகளே ஆடின. இதைச் சொல்லிச் சிலர் அந்தத் தங்கத்தின் மாற்றைக் குறைத்துப் பேசுவது உண்டு. வந்திராத அணிகளை வெல்லவில்லை என்று ஒருவரைக் குறை கூறுதல் நியாயமாகாது. எனினும், அந்த அணிகள் வந்திருந்தால் பாதை மிகக் கடினமாக இருந்திருக்கும் என்பதை மறைப்பதும் முறையன்று. மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அணியில் பெரும்பாலோர் இளைஞர்கள்; ஒலிம்பிக்குக்குப் புதியவர்கள். மான்ட்ரியால் அனுபவம் உள்ள பாஸ்கரன் அவர்களுக்குத் தலைவர். டான்சானியாவை 18-0 என்று வென்றார்கள். அடுத்துப் போலந்துடன் 2-2, ஸ்பெயினுடன் 2-2 எனச் சமநிலை. கியூபாவை 13-0 என்றும், சோவியத் நாட்டை 4-2 என்றும் வென்று, இறுதி ஆட்டத்தில் மீண்டும் ஸ்பெயினைச் சந்தித்தார்கள். ஜூலை 29-ஆம் நாள் நடந்தது அந்த ஆட்டம். சுரீந்தர் சிங் சோதி இரண்டு கோல்களும், எம். கே. கௌசிக் ஒரு கோலும் போட, இந்தியா 3-0 என முன்னேறிற்று. இனி என்ன, வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று எவரும் எண்ணுவர். ஆனால் ஸ்பெயினின் ஜுவான் அமாத் அடுத்தடுத்துக் கோல் போடத் தொடங்கினார். முகம்மது ஷாஹித் நமக்கு நான்காவது கோலைப் போட்டார். அமாத் தம் மூன்றாவது கோலையும் போட்டுவிட்டார். 4-3. எஞ்சிய நிமிடங்களில் அந்த ஒரு கோல் இடைவெளியைக் காத்து நின்றது இந்திய அணி. ஒலிம்பிக் ஹாக்கியில் நம் எட்டாவது தங்கம் அது.

பாஸ்கரன் ஆடிய இடம் ஆஃப்-பேக் எனப்படும் நடுவரிசை. பயிற்சியாளரின் கல்வி இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகின்றது என்று நான் நினைக்கின்றேன். முன்வரிசை ஆட்டக்காரனுக்கு எதிரியின் கோல் ஒன்றே கண்ணுக்குத் தெரியும். பின்வரிசைக் காவலனுக்குத் தன் கோலைக் காப்பதே கவலை. நடுவரிசையில் நிற்பவனோ முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவன். பந்து எங்கே இருக்கின்றது என்பதோடு, அடுத்து எங்கே போகும் என்பதையும் அவன் கணிக்க வேண்டும். 91 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள களம் முழுவதையும் மனத்தில் விரித்து வைத்திருக்க வேண்டும். வளைகோலின் தட்டையான இடப்பக்கத்தால் மட்டுமே பந்தை ஆடலாம் என்பது விதி. ஆகையால் களத்தின் இடப்புறத்தில் வரும் பந்தை அடக்குவது வலப்புறத்தைவிடக் கடினம். உடலைத் திருப்பியோ கோலைப் புரட்டியோ ஆட வேண்டியிருக்கும். எந்தத் தோழன் எந்தப் பக்கத்தில் சிரமப்படுகின்றான் என்பதை நடுவரிசைக்காரன் அறிந்திருந்தால்தான் அவனுக்கு ஏற்றபடி பந்தைத் தர இயலும். மற்றவனுடைய குறையைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப உதவுதல்: பயிற்சித் தொழிலின் சாரமும் இதுதான்.

1981-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அர்ஜுனா விருதும் பெற்றவர் அவர். அத்துடன் நிறுத்திக்கொண்டிருந்தால் அவர் வாழ்க்கை ஓர் அழகிய சிறுகதைபோல் முடிந்திருக்கும். அவர் அப்படி நிறுத்திக்கொள்ளவில்லை. பயிற்சியாளர் ஆனார், இந்திய அணியையே ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஏற்று நடத்தினார். அந்த வாழ்க்கை அவருக்கு மாஸ்கோவைப் போன்ற ஒரு நாளைத் தரவில்லை.

2000-ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக். பாஸ்கரன் அணியின் பயிற்சியாளர். தன்ராஜ் பிள்ளை போன்ற தேர்ந்த வீரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். அர்ஜென்டினாவை வென்றார்கள், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 2-2 என்று சமன் செய்தார்கள், கொரியாவிடம் தோற்றார்கள், ஸ்பெயினை வென்றார்கள். கடைசி ஆட்டம் போலந்துடன். அதை வென்றால் அரையிறுதி. இந்தியா ஒரு கோல் போட்டு முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிவதற்கு இரண்டே நிமிடங்கள்கூட இல்லாத வேளையில் போலந்து ஒரு கோல் போட்டுவிட்டது. 1-1. அரையிறுதி வாயில் அடைபட்டது. இந்தியா ஏழாம் இடத்தோடு திரும்பியது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: 1980-இல் இதே போலந்துடன் பாஸ்கரனின் அணி சமநிலையில்தான் முடித்தது. அன்று அந்தச் சமநிலை தங்கத்துக்குத் தடையாகவில்லை. இன்னொரு நாளில் அதே முடிவு எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது.

2006-இல் ஜெர்மனியில் உலகக் கோப்பை. அப்பொழுதும் அவரே பயிற்சியாளர். பன்னிரண்டு அணிகளுள் இந்தியா பதினொன்றாம் இடம் பெற்றது. அதன் பின் நாடெங்கும் எழுந்த கண்டனங்களை உங்கள் பெற்றோரில் சிலர் நினைவு வைத்திருக்கக்கூடும்.

இந்தக் கதையை நான் எங்கள் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "ஏன் சார், ஜெயிச்ச பேரோட அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாமே? மறுபடியும் போய் எதுக்குத் தோற்கணும்?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அந்தக் கேள்வியில் அவளுடைய சொந்தக் கவலையும் கலந்திருந்தது. நன்றாக ஆடுபவள், மாவட்டத் தேர்வுக்குச் சென்று இடம் கிடைக்காமல் திரும்பியிருந்தாள். இனிமேல் கோலைத் தொடுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். வெற்றி இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு என்ன பொருள் என்பதுதான் அவள் கேட்ட வினா. அதற்கு உடனே ஒரு மறுமொழி சொல்லிவிட முடியவில்லை. பல நாள் எண்ணிப் பார்த்த பின் எனக்குத் தோன்றியவற்றை இங்கே சொல்கின்றேன்.

ஆட்டக்காரனுடைய வேலையும் பயிற்சியாளனுடைய வேலையும் ஒரே தொழிலின் இரண்டு படிகள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவை வெவ்வேறு தொழில்கள். ஆட்டக்காரன் தன் கையால் செய்கின்றான். பயிற்சியாளன் பிறர் கையால் செய்ய வேண்டும். ஆட்டக்காரன் பிழை செய்தால் மறுநிமிடமே ஓடித் திருத்திக்கொள்ளலாம். பயிற்சியாளன் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவன். போலந்து வீரன் கோலை நோக்கி ஓடும்போது, களத்துக்குள் நுழைந்து தடுக்க அவனுக்கு உரிமை இல்லை. தான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு கணத்தில் பிள்ளையின் காலுக்கும் கைக்கும் நினைவு வருமா என்று காத்திருப்பதே அவனால் ஆவது. களத்தில் மிகப் பெரும் புகழ் பெற்ற வீரனுக்கு இந்தக் காத்திருத்தல் மிகவும் கடினம். ஏனெனில், தானாயிருந்தால் என்ன செய்திருப்போம் என்பது அவனுக்குத் தெரியும்.

இன்னொரு சிரமமும் உண்டு. இயற்கையாகக் கைவந்த திறனைப் பிறர்க்கு எடுத்துச் சொல்வது எளிதன்று. நன்றாக நீந்துகின்றவனை எப்படி நீந்துகின்றாய் என்று கேட்டால் விழிப்பான். அவன் தன் திறமையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு சொல்லாகவும் ஒரு பயிற்சியாகவும் ஆக்கினாலன்றிப் பிறர்க்குத் தர இயலாது. பந்தை நிறுத்துவது என்ற ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கை கோலின் உச்சியில். வலக்கை நடுவே, தளர்வாக. முழங்கால் மடிந்து, கண் பந்தின் மேல். பந்து படும் கணத்தில் கோல் சற்றே பின்வாங்கி அதன் வேகத்தை உண்டுவிட வேண்டும். இவற்றுள் எது தவறினாலும் பந்து எகிறும். எந்தப் பிள்ளையிடம் எது தவறுகின்றது என்று கண்டுபிடிக்கும் கண்ணே பயிற்சியாளனின் முதற்கருவி. அந்தக் கண் பதக்கத்தோடு சேர்ந்து வருவதில்லை; தனியே கற்றுப் பெற வேண்டும்.

இப்படிக் கற்றுப் பெற்றவர்கள் நம் நாட்டில் பலர். 1956-இல் தங்கமும் 1960-இல் வெள்ளியும் பெற்ற அணிகளில் ஆடிய பால்கிஷன் சிங், பின்னர்ப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். மாஸ்கோவில் வென்ற பாஸ்கரனின் அணிக்குப் பயிற்சி அளித்தவர் அவரே. மாஸ்கோவின் இறுதி ஆட்டத்தில் கோல் போட்ட கௌசிக்கும் பின்னர்ப் பயிற்சியாளரானார்; 1998-இல் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணி அவர் பயிற்றியது. அந்த அணிக்குத் தலைவர் தன்ராஜ் பிள்ளை. ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆவதும், அவர் பயிற்றியவர் மீண்டும் ஆட்டக்காரரை உருவாக்குவதும் ஒரு சங்கிலி. அதில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தால் ஒரு தலைமுறை ஆட்டமே அறுந்துபோகும்.

தன்ராஜ் பிள்ளையின் இளமையையும் இங்கே குறிப்பிட வேண்டும். தமிழ்ப் பெற்றோருக்குப் புனேயை அடுத்த கட்கியில் பிறந்தவர் அவர். தந்தையார் படைக்கலத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் பணியாளர். உடைந்த கோல்களைக் கட்டிச் சேர்த்தும், பிறர் எறிந்த பந்துகளைப் பொறுக்கியும் ஆடிய சிறுவன், பின்னாளில் நான்கு ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காக ஆடினார். கோல் வாங்கப் பணம் இல்லை என்று வருந்தும் பிள்ளைகளுக்கு இதைவிட வேறு ஆறுதல் வேண்டுமா?

கேரளத்தின் பி. ஆர். ஸ்ரீஜேஷின் கதை வேறு விதமானது. ஓட்டத்திலும் நீளத் தாண்டுதலிலும் கைப்பந்திலும் ஆர்வம் காட்டிக்கொண்டிருந்த சிறுவன், திருவனந்தபுரத்தில் விளையாட்டுப் பள்ளி ஒன்றில் சேர்ந்தான். நீ ஹாக்கியில் கோல் காப்பாளன் ஆகலாம் என்று அங்கிருந்த பயிற்சியாளர் சொன்னார். சிறுவன் தன்னிடம் காணாததை அவர் கண்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் 41 ஆண்டுகள் பதக்கம் இன்றி இருந்த இந்தியா, 2021-இல் டோக்கியோவில் வெண்கலம் பெற்றபோது, கடைசி நொடிகளில் ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்து நிறுத்தியவர் அந்த ஸ்ரீஜேஷ். 2024-இல் பாரிஸிலும் வெண்கலம் பெற்றுவிட்டு அவர் ஓய்வு பெற்றார். உடனே இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2025-இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் அவர் பயிற்றிய பிள்ளைகள் வெண்கலம் வென்றார்கள். பெற்றதைத் திருப்பித் தருதல் என்பது இதுதான்.

எங்கள் மலையில் ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கின்றது. அதன் ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். 1986-இல் அது திறந்துவைக்கப்பட்டது. அதை இந்நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்று பாடுபட்டவர் வேணு பாப்பு என்ற வானியல் அறிஞர். காவலூரின் இருண்ட வானத்தையும், வடதிசை விண்மீன்களோடு தென்திசை விண்மீன்கள் பலவற்றையும் காணத்தக்க அதன் இருப்பிடத்தையும் கருதி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, 1968-இல் 38 செண்டிமீட்டர் அளவுள்ள சிறிய தொலைநோக்கி ஒன்றோடு பணியைத் தொடங்கியவரும் அவரே. ஆனால் பெரிய தொலைநோக்கி வானை நோக்கித் திரும்பியதைக் காண அவர் இல்லை, 1982-இலேயே மறைந்துவிட்டார். அதன் வழியாக இன்று விண்மீன்களை ஆராய்பவர்களில் பலர் அவரைப் பார்த்ததுகூட இல்லை. எனினும் அவர்கள் காணும் ஒவ்வொரு விண்மீனிலும் அவருடைய உழைப்பு இருக்கின்றது. தொலைநோக்கி தானாக ஒளி உண்டாக்குவதில்லை. எங்கிருந்தோ வரும் மெல்லிய ஒளியைச் சிதறாமல் சேர்த்துத் தருகின்றது. நல்ல பயிற்சியாளனும் இத்தகையவனே. பிள்ளையிடம் இல்லாத திறமையை அவன் படைத்துவிட முடியாது. இருப்பதைச் சிதறவிடாமல் சேர்த்துக் காட்டுவான். அதன் பயனைக் காண அவன் எப்பொழுதும் இருப்பான் என்பதற்கு உறுதியும் இல்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு என் மறுமொழி இதுவே. ஒருவர் மறுபடியும் போய்த் தோற்பது, வென்ற பெயரைப் பெரிதாக எண்ணாமல் ஆட்டத்தைப் பெரிதாக எண்ணியதால். மாஸ்கோவின் பெயரை ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அதற்கு எந்தக் கறையும் படிந்திராது. ஆனால் அதனால் இன்னொரு பிள்ளைக்கு ஒரு பந்தை நிறுத்தவும் தெரிந்திராது. தோல்வி நேரும்போது முதல் அடியைத் தாங்குகின்றவர் பயிற்சியாளர். வெற்றி நேரும்போது கடைசி மாலை அவருக்கு. இந்த உடன்படிக்கையை நன்றாக அறிந்தே ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்கின்றார். அத்தகையவரைத் தோல்வியின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளப்பது நன்றியன்று. அதற்காக, தோல்வியை ஆராயவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 2006-இன் பதினொன்றாம் இடம் ஏன் நேர்ந்தது, தரைகள் எத்தனை, இளையோர் பயிற்சி எப்படி என்றெல்லாம் கேட்க வேண்டியதுதான். அந்தக் கேள்விகளை ஒரு மனிதரின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு அமர்ந்துவிடுவதே தவறு.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றது. கோவில்பட்டியை நீங்கள் தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் அறிவீர்கள். அந்தக் கரிசல் ஊர் ஹாக்கிக்கும் பெயர் பெற்றது. தெருவுக்குத் தெரு ஆடுகின்றார்கள். அகில இந்தியப் போட்டிகள் அங்கே நடக்கின்றன. செயற்கைத் தரையும் விளையாட்டு விடுதியும் அங்கே அமைந்துள்ளன. அந்த ஊரின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூர்ப் பக்கத்துக் கார்த்தியும் 2022-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் பெற்ற இந்திய அணியில் ஆடினார்கள். ஓர் ஊர் இப்படி ஆவதற்கு ஆடி முடித்தவர்கள் ஆட்டத்தை விட்டு விலகாமல், மாலை வேளையில் மைதானத்துக்கு வந்து சிறுவர்களின் கோலைப் பிடித்துத் திருத்தியிருக்க வேண்டும். பலருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது. அவர்கள் இல்லாமல் புத்தகத்தில் வரும் பெயர்களும் இல்லை.

மாணவர்களே, உங்களுள் இந்திய அணியில் ஆடப்போகின்றவர்கள் மிகச் சிலர். மாநில அணிக்குச் செல்பவர்களும் சிலரே. ஆனால் உங்களைவிட இளைய ஒரு பிள்ளைக்கு நீங்கள் கற்றதைச் சொல்லிக்கொடுக்க உங்களுள் எல்லோராலும் முடியும். அதற்கு மூன்றே விதிகளைச் சொல்வேன். முதலாவது, நீங்கள் செய்து காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். ஏன் அப்படிச் செய்கின்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவது, ஒரு வேளையில் ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். நான்கைச் சேர்த்துச் சொன்னால் பிள்ளை நான்கையும் மறப்பான். மூன்றாவது, நன்றாக ஆடுபவனைவிட, ஆடத் தெரியாமல் ஓரத்தில் நிற்பவனிடம் முதலில் செல்லுங்கள். மைதானத்தில் அவனுக்கு இடம் கிடைத்தால்தான் ஆட்டம் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

கல்லூரியில் படிப்போர்க்கு மேலும் ஒரு சொல். உடற்கல்வியை ஒரு தொழிலாகக் கொள்ள எண்ணுபவர்கள், அது ஆட்டத்தில் தோற்றவர்களின் புகலிடம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். உடலின் அமைப்பு, தசையின் களைப்பு, காயத்துக்குச் சிகிச்சை, உணவு, மனத்தின் பயம் எனப் பல நூல்களைக் கற்க வேண்டிய துறை அது. டோக்கியோவில் நம் அணியைப் பயிற்றிய ஆஸ்திரேலியர் கிரஹாம் ரீடும், பாரிஸில் பயிற்றிய தென்னாப்பிரிக்கர் கிரேக் ஃபுல்டனும் தத்தம் நாட்டுக்காக ஒலிம்பிக்கில் ஆடியவர்கள். ஆடியதோடு நிற்காமல் கற்றும் தேர்ந்ததனால்தான் வேற்று நாடு அவர்களை அழைத்தது. நம் நாட்டவரையும் பிற நாடுகள் அவ்வாறு அழைக்கும் காலம் வர வேண்டும்.

அந்தப் பத்தாம் வகுப்புப் பெண் இப்பொழுது மாவட்ட அணியில் இருக்கின்றாளா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் மாலையில், பலாமரத்தடியில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேருக்குப் பந்தை நிறுத்தச் சொல்லித்தருகின்றாள். அவர்களுள் ஒருவன் இடக்கைப் பழக்கம் உள்ளவன். ஹாக்கியில் இடக்கைக் கோல் கிடையாது என்பதால் அவன் மிகவும் தடுமாறினான். அவனை எப்படிப் பழக்குவது என்று என்னிடம் வந்து கேட்டாள். இருவருமாக யோசித்து ஒரு வழி கண்டோம். கோலைப் பற்றித் திருப்புவது எப்படியும் மேலே நிற்கும் இடக்கையே ஆதலால், அவனுடைய குறை என்று நாங்கள் எண்ணியதே அவனுக்கு வலிமை ஆகக்கூடும் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். இப்பொழுது அவன் பந்தைப் புரட்டி நிறுத்துவதில் மற்றவர்களுக்கு முன்னே நிற்கின்றான்.

ஆடுகளத்துக்கு நான்கு புறமும் கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு உள்ளே நின்று புகழ் பெறுவது சிலருக்கே வாய்க்கும். கோட்டுக்கு வெளியே நின்று பிறரை உயர்த்துவதற்கு எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. அந்த இடத்தை நிரப்ப நீங்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்கின்றேன்.